மாத்திரையை நிறுத்திவிட்டுப் புரோபயாடிக் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டுக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மலத்தோடு ரத்தமும் சளியும் போனதால் கொலோனோஸ்கோபி செய்து பார்த்து, பெருங்குடலின் இடப்பக்கத்தில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நீண்டகால நோய்) என்றார்கள். முதலில் தந்த சல்ஃபாசலசின் தலைவலியும் குமட்டலும் கொடுத்ததால் மெசலமின் என்ற அழற்சி மருந்துக்கு மாற்றினார்கள். இப்போது நாளொன்றுக்கு 2.4 கிராம் எடுத்துக்கொள்கிறேன். பதினான்கு மாதங்களாக எந்தத் தொந்தரவும் இல்லை. மைத்துனர் வாங்கித் தந்த புரோபயாடிக் (உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள்) பொட்டலத்தை ஆறு மாதங்களாகத் தினம் ஒன்று மோரில் கலந்து குடிக்கிறேன். உறையில் 500 கோடி நுண்ணுயிரிகள் என்று அச்சிட்டிருக்கிறது. காலையில் பழைய சோறும் உண்டு. இவைதாம் என்னைக் காப்பாற்றுகின்றன என்று தோன்றுவதால், மெசலமினை நிறுத்திவிடலாமா? நலமாக உள்ளவரின் மலத்திலிருந்து நுண்ணுயிரிகளை எடுத்துச் செலுத்தும் சிகிச்சையைச் செய்துகொண்டால் நோய் ஒரேயடியாகத் தீருமா? இன்னொரு குடல் அழற்சி நோயான கிரோன் நோய் உள்ள என் அக்கா மகனுக்கு (வயது 19) இதே பொட்டலத்தைக் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, முதல் கேள்விக்கு உரிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெசலமினை நிறுத்த வேண்டாம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். தொந்தரவின்றி இருப்பது பதினான்கு மாதங்களாக. பொட்டலம் குடிப்பது ஆறு மாதங்களாக. அப்படியானால் முதல் எட்டு மாதங்கள் அந்தப் பொட்டலம் உங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. அப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறீர்கள். இந்த நோய் ஏறுவதும் இறங்குவதுமாகச் செல்வது. நன்றாக இருக்கும் நாளில் எதைச் சாப்பிட்டாலும் அதற்கே பெயர் போய்விடும். என்னிடம் வருபவர்களில் ஒருவர் வில்வ இலைக்கும், இன்னொருவர் வேலையை மாற்றிக்கொண்டதற்கும் அந்தப் பெருமையைக் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் அப்போது மெசலமின் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அடங்கிய நிலையில் உள்ள அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள் 99 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மெசலமினை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் அடங்கியே இருக்கும் வாய்ப்பு 89 சதவீதமாகவும், எடுக்காமல் விட்டவர்களுக்கு 39 சதவீதமாகவும் இருந்தது. மாத்திரையை விட்டவுடன் மறுநாளே ரத்தம் போகாது என்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். மூன்று மாதம் ஒன்றும் ஆகாது. நிறுத்தியது சரிதான் என்ற நம்பிக்கை வலுப்படும். பிறகு ஒருநாள் நோய் திரும்பும்போது, அதற்கும் மாத்திரையை விட்டதற்கும் உள்ள தொடர்பு மனத்தில் மறைந்து போயிருக்கும். அந்த நிலையில் பலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படுகிறது. மெசலமினைத் தவிர்த்துவிட்டு ஸ்டீராய்டுக்குள் போய் விழுவதை நான் விரும்பவில்லை.

தொந்தரவு இல்லை என்பதும் குடல் ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஆறிய குடலின் உட்சுவரைக் கொலோனோஸ்கோபியில் பார்த்தால், இளஞ்சிவப்பாக, இலையின் நரம்புகளைப் போல மெல்லிய ரத்தக் குழாய்கள் கிளை விரித்து ஓடுவது தெளிவாகத் தெரியும். அழற்சி மிச்சமிருந்தால் அந்தக் குழாய்கள் மறைந்து, சுவர் சொரசொரப்பாகிச் சிவந்து, கருவியின் நுனி லேசாக உரசினாலே ரத்தம் கசியும். இந்த நிலையிலும் சிலர் ஒருநாளைக்கு ஒருமுறை மட்டுமே மலம் கழித்துக்கொண்டு, தாம் நலம் என்று நம்பியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவை ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்களைப் போலத் தொந்தரவில்லாமல் இருப்பவருக்கு அது ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால், அழற்சி அடங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மாத்திரையைப் பற்றி ஏதேனும் முடிவெடுக்கும் முன், முதலில் கையில் இருக்க வேண்டியது அந்த எண்.

நீங்கள் முதலில் எடுத்துக்கொண்ட சல்ஃபாசலசினைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த மாத்திரை வயிற்றில் வேலை செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியாக மெசலமினை வெளிவிடுகின்றன. உங்களுக்குத் தலைவலி கொடுத்தது பெரும்பாலும் மற்றப் பாதியாக இருக்கும். குடல் நுண்ணுயிரிகளின் உதவியோடு இந்த நோய்க்கு மருத்துவம் பார்ப்பது புரோபயாடிக் பொட்டலம் வந்த பிறகு தொடங்கிய சங்கதி அன்று.

இனிப் பொட்டலத்துக்கு வருவோம். ‘புரோபயாடிக் நல்லதா?’ என்று கேட்பது ‘மாத்திரை நல்லதா?’ என்று கேட்பதைப் போன்றது. எந்த மாத்திரை, எந்த நோய்க்கு, எத்தனை மில்லிகிராம் என்று அடுத்த கேள்வி வந்தாக வேண்டும். நுண்ணுயிரிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். இன்னும் சொல்லப்போனால் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு வகை மருந்தாகவும் இன்னொரு வகை நோயாகவும் இருக்கும். இதற்கு ஈ. கோலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அதன் சில வகைகள் கடும் வயிற்றுப்போக்கைத் தருகின்றன. ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் மெசலமினோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கப்பட்ட நுண்ணுயிரியும் ஓர் ஈ. கோலைதான். முதல் உலகப் போரின்போது தோப்ருஜா (இன்றைய ருமேனியா, பல்கேரியா) பகுதியில் படைவீரர்கள் சீதபேதியில் வீழ்ந்துகொண்டிருக்க, நோய் அண்டாமல் இருந்த ஒரு வீரரின் மலத்திலிருந்து 1917இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே அதைப் பிரித்தெடுத்தார். அதனால்தான் அதற்கு இன்றும் ‘நிஸ்லே 1917’ என்று பெயர். 2004இல் வெளிவந்த, 327 பேரை உட்படுத்திய ஓராண்டு ஆய்வில், நோய் திரும்பியவர்கள் நிஸ்லே குழுவில் 36.4 சதவீதம், மெசலமின் குழுவில் 33.9 சதவீதம். ஏறக்குறைய சமம்.

இதைப் படித்ததும் ‘பார்த்தீர்களா, நுண்ணுயிரி மெசலமினுக்கு ஈடாகிவிட்டது’ என்று மைத்துனர் சொல்லக்கூடும். அவருக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். அந்த ஆய்வில் மெசலமின் நாளொன்றுக்கு ஒன்றரை கிராம்தான். நீங்கள் எடுப்பது 2.4 கிராம். மற்றொன்று, உங்கள் பொட்டலத்தில் இருப்பது நிஸ்லே அல்ல. நம் ஊர் மருந்துக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகளும், பேசில்லஸ் வித்துகளும், சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்டும்தான்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் ஓரளவு சான்று உள்ள இன்னொன்று, எட்டு வகை நுண்ணுயிரிகளைச் சேர்த்து இத்தாலியில் உருவான கலவை. அதை வைத்து லூதியானா மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவிலேயே 147 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. மிதமான நோய் உள்ளவர்களில், பன்னிரண்டு வாரங்களில் நோய் அடங்கியவர்கள் கலவை எடுத்தவர்களிடையே 42.9 சதவீதம், மருந்தில்லாத வெறும் பொடி எடுத்தவர்களிடையே 15.7 சதவீதம். மதிக்கத்தக்க வேறுபாடுதான். ஆனால் அவர்கள் எடுத்த அளவைப் பாருங்கள்: ஒருவேளைக்கு 3.6 லட்சம் கோடி நுண்ணுயிரிகள், நாளொன்றுக்கு இருவேளை, ஆக 7.2 லட்சம் கோடி. உங்கள் பொட்டலத்தில் இருப்பது 500 கோடி. வகுத்துப் பார்த்தால் அந்த ஆய்வின் ஒருநாள் அளவை எட்ட நீங்கள் தினமும் 1,440 பொட்டலங்களைப் பிரிக்க வேண்டும். இனமும் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்குக்கே பொருள். இனம் வேறென்றால் அதுவும் இல்லை. விற்பனைப் பெயரை நம்பியும் வாங்க முடியாத நிலை இதில் உண்டு. அந்தக் கலவையைக் கண்டவருக்கும் விற்ற நிறுவனத்துக்கும் பிணக்கு வந்து, 2016 முதல் அமெரிக்காவில் பழைய பெயரில் வேறு கலவையும், பழைய கலவை வேறு பெயரிலும் விற்பனைக்கு வந்தன. வழக்கு நீதிமன்றம் வரை போனது. பெயரைப் பார்த்து வாங்கியவர், ஆய்வில் இருந்ததைத்தான் வாங்குகிறோம் என்று நினைத்திருப்பார்.

இதே எட்டு வகைக் கலவை மிகத் தெளிவாகப் பயன்பட்ட இடம் ஒன்று உண்டு. ஆனால் அது உங்கள் நிலை அன்று. நோய் கட்டுக்கடங்காமல் போய்ப் பெருங்குடலையே அறுவை செய்து அகற்றிய பிறகு, சிறுகுடலின் நுனியைப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள். அந்தப் பையில் திரும்பத் திரும்ப அழற்சி வருவதுண்டு. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அதை அடக்கிய 40 பேரிடம் இத்தாலியில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதங்களுக்குள் வெறும் பொடி எடுத்த இருபது பேருக்குமே அழற்சி திரும்பியது. கலவை எடுத்த இருபது பேரில் மூவருக்கு மட்டுமே திரும்பியது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தப் பை அழற்சிக்கு மட்டும் அக்கலவையைத் தயக்கத்தோடு பரிந்துரைத்துவிட்டு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் கிரோன் நோய்க்கும் புரோபயாடிக்கை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. என் கருத்தும் ஏறக்குறைய அதுவே. லூதியானா ஆய்வை மதிப்பதால், மிதமான நோயில் மெசலமினோடு கூட எட்டு வகைக் கலவையை உரிய அளவில் எடுக்க விரும்புபவரை நான் தடுப்பதில்லை. ஆனால் அதன் மாதச் செலவைக் கேட்டதும் பெரும்பாலோர் தாமாகவே பின்வாங்கிவிடுகிறார்கள்.

பழைய சோற்றுக்கு வருகிறேன். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் வீட்டிலும் கோடையில் மண்சட்டியில் நீரூற்றி வைப்பதுண்டு. இரவு முழுவதும் ஊறிய சோற்றில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெருகிப் புளிப்பு ஏறுகிறது. குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது பயன்படுமா என்று ஆராயும் திட்டம் தமிழக அரசின் நிதியோடு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். அது நல்ல கேள்வி. கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் ஒரு வீட்டுச் சட்டிக்கும் இன்னொரு வீட்டுச் சட்டிக்கும், அரிசிக்கும் தண்ணீருக்கும், தையில் ஊறியதற்கும் சித்திரையில் ஊறியதற்கும் நுண்ணுயிரிகள் மாறும். எனவே அது உணவு. மெசலமின் இருக்கும் இடத்தில் வைக்கும் மருந்தன்று. காய்ச்சி ஆறிய நீரை ஊற்றுங்கள், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் உடன் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பலருக்கு வயிற்றைக் கலக்குகின்றன. அப்போது மோரோடு நிறுத்திக்கொள்ளலாம். இட்லியிலும் புரோபயாடிக் உண்டு என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. மாவு புளிப்பது நுண்ணுயிரிகளால்தான். ஆனால் ஆவியில் வெந்து வரும் இட்லியில் அவை உயிரோடு இருப்பதில்லை. இட்லி நல்ல பலகாரம், அவ்வளவுதான்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கிரோன் நோயாளிகளின் குடலில் குறைந்து காணப்படும் நுண்ணுயிரிகளில் முக்கியமானது ஃபீகாலிபாக்டீரியம் பிரவுஸ்னிட்ஸி. அது நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். ஆனால் காற்றுப் பட்டால் சில நிமிடங்களிலேயே அது செத்துவிடும். தயிரிலும் சாதாரணப் பொட்டலத்திலும் நாம் விற்று வாங்குவது, காற்றையும் அலமாரியையும் தாங்கிக்கொள்ளும் நுண்ணுயிரிகளை. குடலில் குறைந்திருப்பதோ பெரும்பாலும் காற்றைத் தாங்காதவை. மல மாற்றுச் சிகிச்சையின் மீது ஆராய்ச்சியாளர்களுக்கு ஆர்வம் வந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தச் சிகிச்சையைப் பற்றி நீங்கள் படித்த வெற்றிக்கதை அநேகமாக வேறொரு நோயைப் பற்றியதாக இருக்கும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை செலுத்தியதிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்தார்கள். அங்கே எதிரி ஒரே ஒரு கிருமி. நல்ல கூட்டம் உள்ளே வந்தால் அதற்கு இடமில்லாமல் போய்விடுகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அப்படி ஓர் எதிரி இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலும் மரபும் குடல் சுவரும் சேர்ந்த சிக்கல் அது. எனவே கிடைத்த பலனும் அடக்கமானதே. 2015இல் கனடாவில் 75 பேரிடம் வாரம் ஒரு எனிமாவாக ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது நோய் அடங்கியவர்கள் 24 சதவீதம், வெறும் நீர் எனிமா பெற்றவர்களில் 5 சதவீதம். அடங்கிய ஒன்பது பேரில் ஏழு பேருக்கு ஒரே கொடையாளியின் மலம்தான் போயிருந்தது. அவரிடம் என்ன இருந்தது என்பது இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் மூக்கு வழிக் குழாயால் சிறுகுடலுக்குள் செலுத்திப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவில் பலரது மலத்தைக் கலந்து, வாரம் ஐந்து நாள் எனிமாவாக எட்டு வாரம் கொடுத்ததில் நோய் அடங்கியவர்கள் 27 சதவீதம், வெறும் எனிமா பெற்றவர்களில் 8 சதவீதம். நாற்பது எனிமாக்கள், ஐயா. பொறுமையுள்ள நோயாளிகள்.

எனக்குப் பிடித்த ஆய்வு டெல்லி எய்ம்ஸிலிருந்து 2022இல் வந்தது. 66 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு மல மாற்றோடு அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையும் கொடுத்தார்கள்; மறு பாதியினருக்கு வழக்கமான மருந்துகளைச் சீராக்கிக் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் முறையே 60 சதவீதமும் 32.3 சதவீதமும். மலம், உணவு இரண்டும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதால் பலனில் எது யாருடைய பங்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் புதிதாக நட்ட நுண்ணுயிரிகளுக்கு உரிய தீனியையும் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது.

இவ்வளவும் நோய் கிளம்பியிருந்தவர்களுக்குச் செய்யப்பட்டவை. உங்களுக்கு நோய் அடங்கியிருக்கிறது. அடங்கியதை அடக்க மல மாற்று எதற்கு? ஒரேயடியாகக் குணமாகும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆபத்தும் உண்டு. கொடையாளியின் மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை இருப்பது சோதிக்கப்படாமல் போனதால், எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளி ஒருவர் இறந்தார் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. ஆய்வகத்தில் கொடையாளியின் ரத்தமும் மலமும் பல தொற்றுகளுக்காகச் சோதிக்கப்பட்ட பிறகே, மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, கிளிசரால் சேர்த்து உறைய வைக்கிறார்கள். இணையத்தில் வரும் காணொளியைப் பார்த்து, வீட்டு மிக்ஸியை வைத்துக்கொண்டு தம்பியின் மலத்தில் இதைச் செய்து பார்க்க முயன்ற ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அக்கா மகனைப் பற்றி: பொட்டலம் வேண்டாம். கிரோன் நோய் குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் துளைக்கக்கூடியது, வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் கிடைத்த அரைகுறைப் பலன்கூட அதில் கிடைக்கவில்லை. சாக்கரோமைசிஸ் பவுலார்டி ஈஸ்டை 165 கிரோன் நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோய் திரும்பியவர்கள் 47.5 சதவீதமும் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 53.2 சதவீதமும், புள்ளியியல்படி வேறுபாடே இல்லை. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அசதயோபிரினோ ஊசி வழி உயிரியல் மருந்துகளோ அவன் எடுத்துக்கொண்டிருந்தால், உயிருள்ள நுண்ணுயிரியை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுப்பது இன்னும் தவறு; உடல் மிக நலிந்தவர்களிடமும் பெரிய ரத்தக் குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்களிடமும் இதே ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து தொற்றானது பதிவாகியிருக்கிறது. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயும் கொலோனோஸ்கோபியிலும் திசுச் சோதனையிலும்கூட ஒன்றைப் போல இன்னொன்று தோன்றும் என்பதால், காசநோய் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று அவனுடைய மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பொட்டலம் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை இன்னும் சில. மாத்திரை எண்ணிக்கைதான் சலிப்பைத் தருகிறது என்றால், மெசலமினைப் பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஒரேவேளையாக எடுத்தாலும் அடங்கிய நோய் அடங்கியே இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்; அரிதாக இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். நோய் தொடங்கிய எட்டாம் ஆண்டு முதல் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் கொலோனோஸ்கோபி தேவைப்படும்; உங்களுக்கு அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. மெசலமினை விடாமல் எடுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொட்டலத்தைத் தொடர்வதா என்பது உங்கள் சட்டைப்பையைப் பொறுத்தது. உங்கள் வயதில், உங்கள் உடல்நிலையில் அதனால் கெடுதல் வர வாய்ப்பு குறைவு. தொடர்வதென்றால் அதன் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய், அதில் நுண்ணுயிரியின் இனத்தோடு வகைப் பெயரும் எழுதியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் இருந்தால், அடுத்த மாதம் அந்தப் பணத்தில் கால்புரோடெக்டின் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.